பால்மரமும் பங்குப் பத்திரமும்



பங்குச் சந்தை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களிடம் இரண்டு விதமான முகங்களைத்தான் நான் காண்கிறேன். ஒன்று, "அது சூதாட்டம், நமக்கு வேண்டாம்" என்று சுளிக்கும் முகம். மற்றொன்று, "எந்தப் பங்கு ஏறும், சொல்லுங்கள்" என்று மலரும் முகம். இவ்விரண்டுக்கும் நடுவில் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முகத்தைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. 2025ஆம் ஆண்டு முதல் இலாப ஈவுக்கு வரி என்ற செய்தி வந்ததிலிருந்து ஆசிரியர் அறையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதே பேச்சாக இருக்கிறது. அந்த வரியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போவதாக இருந்தால் பத்து வரிகள் போதும். ஆனால் பங்குக்கும் மலாயாத் தமிழருக்கும் உள்ள உறவு நூறாண்டைத் தாண்டியது. அதைத் தொடாமல் வரியைப் பற்றிப் பேசுவது வேரை விட்டுவிட்டு இலையைப் பற்றிப் பேசுவதாகும்.

நம் முன்னோர்கள் கையில் ஒரு பங்குப் பத்திரம்கூட இருந்ததில்லை. ஆனாலும் அவர்கள் வாழ்க்கையை உயர்த்தியதும் தாழ்த்தியதும் பங்குச் சந்தைதான்.

இலண்டனில் ஏறியது, இங்கே இறங்கியது

இந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை இலண்டனில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமாக இருந்தன. அந்நிறுவனங்களின் பங்குகளை வாங்கியவர்களில் செல்வந்தர்கள் மட்டுமல்லர், பிரிட்டனின் சாதாரண நடுத்தர வகுப்பினரும் இருந்தனர். ஓய்வு பெற்ற பாதிரியாரும், கைம்பெண்களும், நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்களும்கூட ரப்பர்ப் பங்குகளை வாங்கி வைத்த காலம் அது. 1910ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. முதலிட்ட பணத்துக்கு நூறு விழுக்காட்டுக்கும் மேல் இலாப ஈவு வழங்கிய தோட்ட நிறுவனங்கள் அன்று இருந்தன. ஓராண்டு ஈவிலேயே போட்ட முதல் முழுவதும் திரும்பி வந்து விடுகிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மரம் நட்டிராத நிலத்தைக் காட்டியும் பங்கு விற்றார்கள், அதையும் முண்டியடித்து வாங்கினார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் விலை சரிந்தது. உச்சியில் வாங்கியவர்கள் மாட்டிக் கொண்டார்கள். இந்தக் கதை பின்னர் நம் நாட்டிலேயே எத்தனை முறை அரங்கேறியது என்பதைப் போகப் போகக் காண்போம்.

ஏற்றத்தின்போது இலாபம் இலண்டனுக்குப் போனது. இறக்கம் மட்டும் தோட்ட லயம்வரை வந்து சேர்ந்தது. 1929இல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் மந்தம் ஏற்பட்டது. அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்பனை குறைந்தால் டயர் தேவை குறையும், டயர் தேவை குறைந்தால் ரப்பர் தேவை குறையும். 1932 வாக்கில் ரப்பரின் விலை இரண்டு மூன்று பென்ஸ் அளவுக்கு விழுந்து கிடந்தது. ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பிறகு அதற்கும் கீழாகவும் குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பங்கு என்றால் என்னவென்றே அறியாத அந்த மக்கள்தான் பங்குச் சந்தை வீழ்ச்சியின் கட்டணத்தைச் செலுத்தினார்கள்.

இங்கே நம் பள்ளிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று நிர்வாகத்தைப் பணித்தது. அப்படி எழுந்தவைதாம் நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். பள்ளி நம்முடையது, நிலம் நிறுவனத்துடையது. நிறுவனமோ யார் யாரோ பங்குதாரர்களுடையது. இன்றைக்கும் பல தமிழ்ப்பள்ளிகள் "பகுதி உதவி பெறும் பள்ளி" என்ற பெயரைச் சுமந்து கொண்டிருப்பதற்கு இந்த நில உரிமைதான் காரணம். தோட்டம் கைமாறும்போதும், வீடமைப்புத் திட்டமாக உருமாறும்போதும் பள்ளிக்கூடம் இடம்பெயர நேர்வதன் வேர் எங்கோ ஒரு பங்குதாரர் பட்டியலில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, பங்கு என்பது நமக்குத் தொடர்பில்லாத பொருள் என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

பத்து வெள்ளிப் பங்கு

நாடு விடுதலை பெற்ற காலத்தில் பல வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, குடியிருந்த லயமும் இல்லை. அந்த நேரத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளி ஒரு பங்கு. ஒரே முறையில் கொடுக்க இயலாதவர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அவரே தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்வெட்டுத் தொழிலாளிகளிடம் பேசி உறுப்பினர்களைச் சேர்த்தார். அடுத்த ஆண்டிலேயே கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

இதன் பெருமையை நாம் போதிய அளவு பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பது என் கருத்து. சம்பந்தன் அவர்களின் படத்தை வரையச் சொல்கிறோம், பிறந்த தேதியை மனனம் செய்யச் சொல்கிறோம். ஆனால் "முதலாளி" என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகவே தன்னை எண்ணி வந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, மாதம் பத்து வெள்ளி கட்டி, தான் வேலை செய்யும் மண்ணின் பங்காளியாக மாறியதுதான் அந்த வரலாற்றின் உயிர்நாடி. வாங்கிய இலாப ஈவு சிறிதாக இருக்கலாம். அது இலண்டனுக்குப் போகாமல் லயத்துக்கு வந்தது. அதுவே புதிது.

கூட்டுறவுப் பங்குக்கும் சந்தைப் பங்குக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். கூட்டுறவுப் பங்கின் விலை நாள்தோறும் ஏறி இறங்காது. நூறு வெள்ளிக்கு வாங்கினால் திரும்பக் கொடுக்கும்போதும் நூறு வெள்ளிதான். வருமானம் ஈவில் மட்டும்தான். நம்மவர்கள் முதன்முதலில் பழகிய பங்கு இதுவாகையால், "பங்கு என்றால் போட்ட முதல் போட்டபடியே இருக்கும்" என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் சந்தையில் இறங்கியபோது இந்த எண்ணம் பலரைக் காயப்படுத்தியது.

சந்தை வந்த கதை

மலாயாப் பங்குச் சந்தை 1960 மே மாதம் பொதுமக்களின் வணிகத்துக்குத் திறந்தது. மறு ஆண்டே கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய இரண்டு வணிகக் கூடங்களும் நேரடித் தொலைபேசி இணைப்பால் ஒரே சந்தையாக இயங்கத் தொடங்கின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னரும் சந்தை பிரியவில்லை. நாடுகள் இரண்டு, சந்தை ஒன்று என்ற நிலை 1973 வரை நீடித்தது. இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமாக மாற்றிக் கொள்ளப்பட்ட ஏற்பாடு முடிவுக்கு வந்தபோதுதான் சந்தையும் இரண்டாயிற்று. அதன் பிறகும் பல மலேசிய நிறுவனங்கள் இரண்டு இடங்களிலும் பட்டியலிடப்பட்டிருந்தன. 1990ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலேசிய நிறுவனங்கள் சிங்கப்பூர்ச் சந்தையிலிருந்து விலகின. உடனே சிங்கப்பூர் 'குளோப்' என்றழைக்கப்பட்ட தனி வணிக முறை ஒன்றைத் தொடங்கி, அதில் மலேசியப் பங்குகளின் வணிகத்தைத் தொடர்ந்தது. சிங்கப்பூர் வாசகர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடக்கூடும்! அதற்குப் பின்னர் வருகிறேன்.

இதற்கிடையில் 1981 செப்டம்பர் 7ஆம் தேதி நடந்த ஒரு நிகழ்ச்சி தோட்ட வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளது. அன்று காலை இலண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. இலண்டன்காரர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் நூறாண்டு பழமையான ஒரு தோட்டப் பேரரசு கைமாறியது. துப்பாக்கி இல்லை, ஊர்வலம் இல்லை, தரகரின் தொலைபேசி மட்டுமே. தேசத்துக்கு அது வெற்றி. அந்தத் தோட்டங்களில் அன்று காலை பால் மரத்தில் கத்தி வைத்துக் கொண்டிருந்த நம் மக்களுக்கு முதலாளி மாறிய செய்தி மறுநாள் நாளிதழில்தான் தெரிந்திருக்கும். அவர்கள் நிலையில் என்ன மாறியது என்பதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

1970இல் நாட்டின் பங்கு முதலில் இந்தியர்களின் உரிமை ஏறத்தாழ 1.1 விழுக்காடு. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2004இல், அது 1.2 விழுக்காடு. ஒன்பதாம் மலேசியத் திட்டம் தரும் கணக்கு இது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் புள்ளி ஒன்று!

இந்தப் பங்குடைமையை உயர்த்துவதற்காகவே 1982இல் ம.இ.கா.வின் முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. நாடெங்கிலுமிருந்து பல்லாயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் அதில் பங்கு வாங்கின. நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திரண்டது. 1990இல் தெலிகோம் நிறுவனம் பட்டியலிடப்பட்டபோது ஒதுக்கப்பட்ட பத்து மில்லியன் பங்குகளில் ஒரு மில்லியன் மட்டுமே மைக்காவுக்கு வந்து, எஞ்சிய ஒன்பது மில்லியன் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றது பின்னர் பெரும் சர்ச்சையானது. இலாப ஈவு கிடைத்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. மைக்கா பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. ஆகவே பிடிக்காதவர் விற்றுவிட்டு வெளியேற வழி இல்லை. இறுதியில் 2010இல் ஒரு தனியார் நிறுவனம் ஒரு ரிங்கிட் பங்கை 80 காசுக்கு வாங்கிக் கொள்ள முன்வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்ததற்கு 80 காசு.

அரசியல் கோணத்தில் இதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்குத் தோன்றுவது வேறு. அந்தப் பல்லாயிரம் குடும்பங்களும் நாளிதழில் விலை பார்த்து, ஆண்டறிக்கை படித்து, வேண்டாதபோது விற்கக் கூடிய பங்கை வாங்கியிருந்தால், நட்டமே வந்திருந்தாலும் பாடம் கற்றிருப்பார்கள். இதில் கற்றுக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போயிற்று. காத்திருப்பதைத் தவிர வேறு செயல் அவர்களுக்கு விடப்படவில்லை.

1993: தொலைபேசிப் பெட்டியின் முன் வரிசை

இனி சந்தை ஆட்டத்துக்கு வருவோம். 1985 இறுதியில் பான் எலெக்ட்ரிக் என்ற சிங்கப்பூர் நிறுவனம் முறிந்தபோது, கோலாலம்பூர், சிங்கப்பூர்ச் சந்தைகள் இரண்டும் டிசம்பர் 2 முதல் மூன்று நாள் மூடப்பட்டன. அதுவரை கண்டிராத ஒன்று அது. ஆயினும் மக்கள் நினைவில் ஆழமாக நிற்பது 1993தான்.

1992 இறுதியில் கோலாலம்பூர்க் கூட்டுக் குறியீடு 644 புள்ளிகள். 1993 இறுதியில் 1,275 புள்ளிகள். ஒரே ஆண்டில் இரட்டிப்பு. எனக்கு மூத்த ஓர் ஆசிரியர் அந்நாளைய கதைகளை இன்றும் சுவையாகச் சொல்வார். ஓய்வு மணி அடித்ததும் மாணவர்களுக்கு முன்பாக ஆசிரியர்கள் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடுவார்களாம், உண்பதற்கு அல்ல, அங்கிருந்த பொதுத் தொலைபேசியில் பத்துக் காசு போட்டுத் தரகரை அழைப்பதற்கு. சந்தைக் கடைக்காரரும் வாடகைக்கார் ஓட்டுநரும் தரகு நிறுவனக் கூடத்தில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் எண்களின் முன் உட்கார்ந்திருப்பார்களாம்.

அந்த வெறிக்கு எண்ணெய் வார்த்தது 'கொன்ட்ரா' என்னும் முறை. பங்கை வாங்கியவர் அதற்கான பணத்தைக் கட்டச் சில நாள் தவணை உண்டு. அந்தத் தவணைக்குள்ளேயே விற்றுவிட்டால் பணமே கட்ட வேண்டியதில்லை, ஏறிய வித்தியாசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். விலை இறங்கினாலோ வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். ஆக, கையில் ஆயிரம் ரிங்கிட் இல்லாதவரும் ஐம்பதாயிரம் ரிங்கிட்டுக்குப் பங்கு வாங்கி இறங்கினார். ஏறும் சந்தையில் எல்லாரும் அறிவாளிகளாகத்தான் தெரிவார்கள். 1994 ஜனவரி முதல் வாரத்தில் 1,314 புள்ளிகளைத் தொட்ட குறியீடு அதன்பின் சரிந்து, அந்த ஆண்டை 971 புள்ளிகளில் முடித்தது. முதல் மாதத்திலேயே கொன்ட்ரா வித்தியாசத்தைக் கட்ட முடியாமல் நகையை அடகு வைத்தவர்கள் பற்றிய கதைகள் அதிகம். வீடு பேசாத கதைகள் அவை.

பெரிய இடி பின்னர்தான் விழுந்தது. 1997 பிப்ரவரியில் குறியீடு மீண்டும் 1,271 வரை ஏறியிருந்தது. அந்த ஜூலையில் தாய்லாந்தின் பாட் மதிப்பிழந்து, நெருப்பு அண்டை நாடுகளுக்கெல்லாம் பரவியது. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி குறியீடு 262 புள்ளிகள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கரைந்துவிட்டது.

ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் விழுக்காடு கற்பிக்கும்போது நான் தவறாமல் போடும் கணக்கு ஒன்று உண்டு. நூறு ரிங்கிட் 80 விழுக்காடு குறைந்தால் எவ்வளவு? இருபது என்று வகுப்பே கூவும். அந்த இருபது மீண்டும் நூறாக எத்தனை விழுக்காடு கூட வேண்டும்? "எண்பது!" என்பார்கள். 400 விழுக்காடு என்று கரும்பலகையில் செய்து காட்டியதும் எழும் அமைதி எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த ஒரு கணக்கை 1997க்கு முன் பெரியவர்களுக்கும் யாராவது செய்து காட்டியிருக்கலாம்.

அதே செப்டம்பர் 1ஆம் தேதி அரசு மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்தது. மறுநாள் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என நாணய மாற்று விகிதம் நிலைநிறுத்தப்பட்டது. 2005 ஜூலை வரை அந்த விகிதம் நீடித்தது. அந்த நடவடிக்கையைப் பலரும் கண்டித்தார்கள். ஆயினும் 1998 இறுதியில் குறியீடு 586 புள்ளிகளில் நின்றது. அதாவது, அடிமட்டத்திலிருந்து நான்கே மாதத்தில் இரு மடங்குக்கும் மேல். ஆகஸ்டில் பயந்துபோய் விற்றவர்கள் அந்த ஏற்றத்தை வெளியிலிருந்துதான் பார்த்தார்கள்.

சிங்கப்பூரில் குளோப் வழியே மலேசியப் பங்குகளை வாங்கியிருந்தவர்களின் நிலை இன்னும் கொடிது. புதிய விதிகளால் அந்த வணிகம் செப்டம்பர் நடுப்பகுதியில் நின்றது. ஏறத்தாழ 172,000 முதலீட்டாளர்களின் பங்குகள் முடங்கின. விற்கவும் வழியில்லை, விலை என்ன என்றும் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில் தீர்வு காணப்பட்டு, பங்குகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் சிறு சேமிப்பாளர்களே. நிறுவனம் நல்லதாக இருந்தும், விலை சரியாக இருந்தும், இரண்டு நாடுகளின் விதிகளுக்கு நடுவில் சேமிப்பு சிக்கிக் கொள்ளக்கூடும் என்பதை அவர்கள் அனுபவித்து அறிந்தார்கள்.

பதினாறு ஆண்டுகள், அதே எண்

சந்தை வரலாற்றைப் புரட்டும்போது என்னை மலைக்க வைத்த செய்தி இது. 1993 இறுதியில் குறியீடு 1,275. இடையில் 262க்கு வீழ்ந்தது. 2008 ஜனவரியில் 1,516க்கு ஏறி, அதே ஆண்டு அக்டோபரில் 830 புள்ளிகளுக்கு அருகில் சரிந்தது. 2009 இறுதியில் எங்கே நின்றது தெரியுமா? 1,272. பதினாறு ஆண்டுகள் ஓடியும் மூன்று புள்ளி குறைவு!

ஒரு குழந்தை பிறந்து ஐந்தாம் படிவத்துக்கு வருகின்ற காலம் அது. பிள்ளை பிறந்த ஆண்டில் பங்கு வாங்கி வைத்தால் மேற்படிப்புக்கு ஆகும் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் குறியீடு முழுக் கதையையும் சொல்வதில்லை. அது விலையை மட்டுமே அளக்கிறது, இலாப ஈவை அளப்பதில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகளும் நிறுவனங்கள் ஈவு வழங்கிக் கொண்டுதான் இருந்தன. கணக்குக்காக ஆண்டுக்கு 3 விழுக்காடு ஈவு என்று வைத்துக் கொண்டு, அதைச் செலவழிக்காமல் மீண்டும் முதலிட்டு வந்தால், விலை அப்படியே நின்றாலும் பத்தாயிரம் ரிங்கிட் பதினாறு ஆண்டில் பதினாறாயிரத்தைச் சற்றுத் தாண்டும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் பெரிதாக ஒன்றும் இல்லைதான். என்றாலும் 'போட்டது போட்டபடி' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஒப்பிடுவதற்கு ஒன்று சொல்கிறேன்: ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஈவு 1980களின் நடுப்பகுதியில் 8.5 விழுக்காடாக இருந்து, 2002இல் 4.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்தச் சேமநிதியின் பெரும் பணமும் இதே பங்குச் சந்தையில்தான் இருக்கிறது. ஆகவே "நான் பங்கு பக்கமே போகமாட்டேன்" என்று சொல்பவரும், சேமநிதிக் கணக்கு உள்ளவரை, அறியாமலேயே பங்குதாரர்தான்.

ஈவுக்கு வரி: யாருக்கு இலாபம்?

இப்போது வரிக்கு வருகிறேன். இலாப ஈவுக்கு வரி என்பது புதிது என்று இளைய பெற்றோர்கள் நினைக்கிறார்கள். அப்படியன்று. 2008க்கு முன்னால் ஈவு கிடைத்தாலே வரிக் கணக்கு உண்டு.

பழைய முறையில் நிறுவனம் ஈவு தரும்போதே நிறுவன வரி விகிதத்தில் வரியைப் பிடித்துக் கொண்டு மீதியைக் கொடுக்கும். வரி விகிதம் 28 விழுக்காடாக இருந்த ஆண்டுகளை எடுத்துக் கொள்வோம். ஆயிரம் ரிங்கிட் ஈவு என்றால் 280 ரிங்கிட் பிடித்தம், கையில் 720 ரிங்கிட். அதனுடன் ஒரு சான்றும் அஞ்சலில் வரும். பங்குதாரர் தம் வருமான வரிக் கணக்கில் அந்த ஆயிரத்தையும் வருமானமாகக் காட்டி, 280 ரிங்கிட் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று கழித்துக் கொள்ளலாம். அவருடைய வருமான அடுக்குக்கு 13 விழுக்காடுதான் வரி என்றால், அவர் கட்ட வேண்டியது 130 ரிங்கிட், திரும்பக் கிடைப்பது 150 ரிங்கிட். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஓய்வூதியர், இல்லத்தரசி போன்றோருக்கு 280 ரிங்கிட்டும் முழுமையாகத் திரும்பி வரும். பழைய ஆசிரியர்கள் சிலர் அந்தச் சான்றுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரப்படுத்தியதற்கு இதுவே காரணம்.

2008 வரி ஆண்டிலிருந்து ஓரடுக்கு வரிமுறை அறிமுகமானது. பழைய முறையில் மீதமிருந்த வரிப் புள்ளிகளை நிறுவனங்கள் 2013 இறுதிவரை பயன்படுத்திக் கொள்ளலாம் என்று அவகாசம் தரப்பட்டது. அதன்பின் எல்லாருக்கும் ஒரே முறைதான். நிறுவனம் தன் இலாபத்துக்கு வரி கட்டிவிட்டால் கதை முடிந்தது. பங்குதாரருக்கு வரும் ஈவுக்கு மறுபடி வரி இல்லை. சிங்கப்பூர் இதே மாற்றத்தை 2003இல் தொடங்கி 2007 இறுதியில் நிறைவு செய்திருந்தது.

"ஈவுக்கு வரி இல்லை" என்ற அறிவிப்பு காதுக்கு இனிமையாக இருந்தது. கைக்கு எப்படி இருந்தது? நிறுவனம் கட்டிய வரி கட்டியதுதான், அதைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விட்டது. 280 ரிங்கிட்டைத் திரும்பப் பெற்று வந்த ஓய்வூதியருக்கு இனி ஒன்றும் இல்லை. உயர்ந்த வருமான அடுக்கில் இருந்தவருக்கோ பழைய முறையிலும் திரும்பப் பெற ஏதுமில்லை, புதிய முறையிலும் இழப்பதற்கு ஏதுமில்லை. நிருவாகம் எளிதானது உண்மை, சான்று சேர்க்கும் தொல்லை ஒழிந்ததும் உண்மை. ஆனால் அந்த எளிமைக்கான விலையைச் செலுத்தியவர்கள் மிகச் சிறிய பங்குதாரர்களே. இது பற்றி அந்நாளில் நம் நாளிதழ்களில் ஒரு முணுமுணுப்பும் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கேட்பதற்கு நம்மில் பங்குதாரர்கள் போதுமான அளவு இல்லையே!

2024 அக்டோபர் 18ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்த வரி இதற்கு நேர் எதிரான திசையில் செல்கிறது. 2025 வரி ஆண்டு முதல், ஓர் ஆண்டில் ஒரு தனிநபர் பெறும் இலாப ஈவு ஓர் இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 2 விழுக்காடு வரி. ஒருவருக்கு 120,000 ரிங்கிட் ஈவு வருகிறது என்றால் மேலதிக இருபதாயிரத்துக்கு ஏறத்தாழ 400 ரிங்கிட். சேமநிதி வாரியத்தின் ஈவு, அமானா சஹாம் போன்ற அறநிதிகளின் வருமானம் ஆகியவை இதில் சேரா. 5 விழுக்காடு ஈவு தரும் பங்குகளை வைத்திருப்பவர் ஓர் இலட்சம் ரிங்கிட் ஈவு பெற இரண்டு மில்லியன் ரிங்கிட் முதலிட்டிருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் இந்த வரியால் உறக்கம் இழந்தவர்கள் யாரேனும் இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், கடன் கேட்க வருகிறேன்.

அச்சப்பட வேண்டியது இந்த வரிக்கு அல்ல. 'மாதம் பத்து விழுக்காடு உறுதி' என்று கைத்தொலைபேசிக்கு வரும் செய்திகளுக்குத்தான். 1910இல் மரமில்லாத தோட்டத்துக்குப் பங்கு விற்றவர்களின் வாரிசுகள் அவர்கள். சேமநிதி வாரியம் தன் நல்ல காலத்திலேயே ஆண்டுக்கு 8.5 விழுக்காடுதான் கொடுத்தது என்பதை அந்தச் செய்தியின் அருகில் எழுதி வைத்துப் பார்த்தால் போதும்.

பயனுள்ள ஒரு குறிப்பை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முன்பு பங்குகள் தாள் பத்திரங்களாக இருந்தன. 1990களில் மத்திய வைப்பு முறை வந்தபோது, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பத்திரங்களை 1998 டிசம்பர் 1க்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. ஒப்படைக்கப்படாத பங்குகள் நிதியமைச்சின் பெயருக்கு மாற்றப்பட்டன. முகவரி மாறியதாலோ, மூத்தவர் மறைந்ததாலோ பெற்றுக் கொள்ளப்படாத இலாப ஈவுகளும் இருக்கின்றன. அவை 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டத்தின்படி அரசின் பதிவகத்தில் சேர்க்கப்படுகின்றன. அப்பணத்துக்கு உரிமையாளரோ அவருடைய வாரிசோ விண்ணப்பிக்கலாம். தோட்டத்திலிருந்து வெளியேறியபோது முகவரி மாற்றத்தை எந்த நிறுவனத்துக்கும் தெரிவிக்காத குடும்பங்கள் நம்மில் ஏராளம். பதிவகத்தின் 'இகுமிஸ்' என்னும் இணையச் சேவையில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். மறைந்த தாத்தா பாட்டியின் பழைய அடையாள அட்டை எண்ணும் தெரிந்திருந்தால் அதையும் தேடிப் பாருங்கள்.